கேள்வியே முதல்: வணிகவியல் ஆய்வுத் திட்டம் வெல்லும் வழி

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம்., எம்.காம். பயிலும் மாணவர்கள் பலரும் பட்டம் பெறுவதற்கு முன் ஓர் ஆய்வுத் திட்டத்தை முடித்து, அட்டை கட்டிய ஆய்வேடாக ஒப்படைத்து, வாய்மொழித் தேர்வில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் பேச்சில் 'புராஜெக்ட்' என்று வழங்கும் இந்தப் பணி, மூன்றாண்டுகளோ ஐந்தாண்டுகளோ வகுப்பில் கற்ற கணக்கியலை உண்மையான நிறுவனம் ஒன்றின் ஏடுகளின் மீது வைத்துப் பார்க்கும் முதல் வாய்ப்பாகும். ஆனால் துறை நூலகங்களின் அலமாரிகளில் வரிசையாக நிற்கும் ஆய்வேடுகளைப் புரட்டினால், 'ஒரு நிறுவனத்தின் நிதிச் செயல்பாடு பற்றிய ஆய்வு' என்ற ஒரே தலைப்பு நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறி மீண்டும் மீண்டும் வருவதையும், ஐந்தாண்டு எண்களிலிருந்து இருபது விகிதங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றின் கீழும் 'ஏறியது', 'இறங்கியது' என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பதையும் காணலாம்.

இத்தகைய ஆய்வேடுகளில் உழைப்புக்குக் குறைவில்லை. எதை அறிவதற்காக அந்த உழைப்பு செலவிடப்பட்டது என்பதே அவற்றில் விளங்குவதில்லை. விகிதத்தை எக்செல் நொடியில் போட்டுவிடும் காலத்தில், ஆய்வு மாணவரின் சொந்தப் பங்களிப்பு என்று எஞ்சுவது அவர் எழுப்பும் கேள்வியும், அதற்குக் கிடைத்த விடையை நம்புவதற்கு முன் அவர் செய்யும் சோதனையும்தான். ஆய்வுத் திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில், கேள்வி உருவாகும் இடத்திலேயே முடிவாகிவிடுகின்றன.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

'நூற்பாலைகளின் நடைமுறை முதல் மேலாண்மை' என்பது தலைப்பு மட்டுமே. நடைமுறை முதல் என்பது அன்றாட வணிகத்தை ஓட்டுவதற்குத் தேவைப்படும் பணம், அதாவது சரக்கிருப்பு, வரவேண்டிய கடன், ரொக்கம் முதலிய நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் கிடைக்கும் தொகை. அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதாலேயே அந்தத் தலைப்பு மாணவருக்கு வழிகாட்டுவதில்லை. கேள்வி என்பது விடை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ 'இந்த அளவுக்கு' என்றோ வரக்கூடிய ஒரு வாக்கியம். எந்த விடை வந்தால் தமது எதிர்பார்ப்பு பொய்த்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை மாணவர் முன்கூட்டியே சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

கணக்கியல் ஆய்வின் போக்கையே மாற்றியதாகக் கருதப்படும் கட்டுரை இதற்குச் சிறந்த சான்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆஸ்திரேலியர்களான ரே பால், பிலிப் பிரவுன் ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட அந்த ஆய்வு, நிறுவனங்கள் அறிவிக்கும் ஆண்டு இலாபம் பங்குச் சந்தைக்குப் பயனுள்ள செய்தி எதையும் தருகிறதா என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துக்கொண்டு, நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்ற 261 நிறுவனங்களின் இலாபத்தையும் பங்கு விலையையும் ஒப்பிட்டது. ஓர் ஆண்டில் ஒரு நிறுவனத்தைப் பற்றி வெளிவரும் செய்திகளில் பாதியோ அதற்கு மேலோ இலாப எண்ணில் அடங்கியிருக்கிறது என்றும், ஆனால் அதில் 85 முதல் 90 விழுக்காடு வரை ஆண்டறிக்கை வெளிவருவதற்கு முன்பே வேறு வழிகளில் சந்தையை எட்டிவிடுகிறது என்றும் அவர்கள் கண்டனர். இன்றைய மாணவர் அவர்களுடைய புள்ளியியல் கருவிகளைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஒரே வரியில் கேட்கப்பட்டு, எண்களால் சோதிக்கத்தக்கதாக அமைந்த கேள்வியின் வடிவத்தைப் பின்பற்றினால் போதும்.

நாற்பத்தைந்து நாள் விதி: ஒரு கேள்வி உருவாகும் விதம்

தமிழ்நாட்டு மாணவருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஒரு பொருளைக் கொண்டு இதை விரிவாகப் பார்க்கலாம். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ பெற்றவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. இந்த விதிக்கு வலுச் சேர்க்க, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் சேர்க்கப்பட்டு, 2023–24 நிதியாண்டுக் கணக்குகளில் முதன்முறையாகப் பொருந்தியது. கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க இயலாது, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம் என்பது அதன் சாரம்.

இப்போது தலைப்பு கேள்வியாக மாறுகிறது: இந்தப் பிரிவு வந்த பிறகு, தமிழ்நாட்டில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நூற்பாலைகளும் ஆடை நிறுவனங்களும் சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் காலம் குறைந்திருக்கிறதா? இதை அளக்கும் கருவி எளிதானது. கடனீந்தோருக்குத் தர வேண்டிய தொகையை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து 365ஆல் பெருக்கினால், ஒரு நிறுவனம் சராசரியாக எத்தனை நாள் கழித்துப் பணம் தருகிறது என்பது கிடைக்கும். கொள்முதல் 73 கோடி ரூபாயாகவும் நிலுவை 12 கோடியாகவும் இருந்தால் 60 நாள். நிலுவை 9 கோடியாகக் குறைந்தால் 45 நாள்.

சராசரி மாணவர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். ஆய்வாளர் இங்கேதான் தொடங்குவார். பிரிவின் அமைப்பைக் கூர்ந்து படித்தால், 90 நாள் தாமதித்தாலும் மார்ச் 31க்குள் பணம் கொடுத்துவிட்ட நிறுவனத்துக்கு வரிக் கழிவில் இழப்பு எதுவும் இல்லை என்பது விளங்கும். ஆகவே ஆண்டு முடியும் நாளில் மட்டும் நிலுவையைத் தீர்த்து, மற்ற மாதங்களில் பழைய வழக்கத்தையே தொடர நிறுவனங்களுக்குத் தூண்டுதல் உண்டு. மார்ச் 31ஆம் நாளின் இருப்புநிலைக் குறிப்பை மட்டும் பார்த்தால், சட்டம் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்ததாகத் தோன்றிவிடலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் செபி விதிகளின்படி அரையாண்டு முடிவில் சொத்து, பொறுப்பு விவரத்தையும் வெளியிடுவதால், செப்டம்பர் 30ஆம் நாளின் நிலுவையையும் அருகில் வைத்து ஒப்பிடும் மாணவர், மாற்றம் மெய்யானதா, ஆண்டிறுதிக்கான ஒப்பனையா என்று பிரித்தறிய முடியும்.

அடுத்த சோதனை ஒப்பீட்டுக் குழு. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய நிலுவையும் ஏனையோருக்குத் தர வேண்டியதும் தனித்தனி வரிகளில் காட்டப்படுகின்றன. புதிய பிரிவு முதல் வரியைத் தொடுகிறது. இரண்டாம் வரியைத் தொடுவதில்லை. இரண்டுமே ஒரே அளவில் குறைந்திருந்தால், பஞ்சு விலைச் சரிவோ வங்கிக் கடன் எளிதாகக் கிடைத்ததோ காரணமாக இருக்கலாம். முதல் வரி மட்டும் குறைந்திருந்தால்தான் சட்டத்தின் பங்கைப் பற்றிப் பேச இடம் உண்டு. அப்போதும் கூட, நிறுவனங்கள் பதிவு பெற்ற சிறு நிறுவனங்களைத் தவிர்த்து வேறிடத்தில் கொள்முதல் செய்யத் தொடங்கியிருந்தாலும் அதே எண்தான் வரும் என்ற மாற்று விளக்கத்தை மாணவர் தாமே எழுப்பி, தம்மால் எவ்வளவு தூரம் அதை மறுக்க முடிகிறது என்று எழுத வேண்டும். ஆண்டறிக்கையில் உள்ள நிலுவை வயது அட்டவணையோ, ஓராண்டுக்குக் குறைவானதை எல்லாம் ஒரே கட்டத்தில் அடக்கிவிடுவதால், 45 நாள் கேள்விக்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவுக்கும் தேவைப்படுபவை ஆண்டறிக்கைகளும் அரையாண்டு முடிவுகளும் ஒரு கணினியும் மட்டுமே.

ஐந்தாண்டு ஒப்பீட்டில் மறைந்திருக்கும் பொறி

ஆண்டறிக்கைகளை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தும், பி.எஸ்.இ., என்.எஸ்.இ. ஆகிய பங்குச் சந்தைகளின் தளங்களிலிருந்தும் கட்டணமின்றிப் பெறலாம். சில கல்லூரி நூலகங்களில் சி.எம்.ஐ.இ. அமைப்பின் 'புரோவெஸ்' தரவுத்தளமும் கிடைக்கிறது. எண்களைத் திரட்டுவது எளிதாகிவிட்டதால், ஒவ்வோர் ஆண்டின் எண்ணும் ஒரே விதியின் கீழ் எழுதப்பட்டதுதானா என்று பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டது.

2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 116 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு முன், கடைக்கோ விமானத்துக்கோ ஒரு நிறுவனம் செலுத்தும் சாதாரண வாடகை, இலாப நட்டக் கணக்கில் செலவாக மட்டும் இடம்பெற்றது. புதிய தரநிலையோ, குறுகிய காலக் குத்தகை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய வாடகை முழுவதன் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, அதைப் பயன்பாட்டு உரிமை என்ற சொத்தாகவும் குத்தகைப் பொறுப்பாகவும் இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றச் சொல்கிறது. ஆண்டு முடிவில் 10 இலட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டு வாடகை தர வேண்டிய ஒரு கடையை, 10 விழுக்காடு வட்டியில் கணக்கிட்டால், ஏறத்தாழ 37.91 இலட்சம் ரூபாய் சொத்திலும் பொறுப்பிலும் ஒரே நாளில் ஏறும். முதல் ஆண்டில் தேய்மானம் 7.58 இலட்சமும் வட்டி 3.79 இலட்சமும் சேர்ந்து செலவு 11.37 இலட்சமாகும்; ஐந்தாம் ஆண்டில் அது 8.49 இலட்சமாகக் குறையும். கையிலிருந்து போகும் பணமோ எல்லா ஆண்டும் அதே 10 இலட்சம்தான்.

துணிக்கடை, நகைக்கடைத் தொடர்களையும் விமான நிறுவனங்களையும் ஆராயும் மாணவர் 2017–18 முதல் 2021–22 வரையிலான எண்களை ஒரே வரிசையில் அடுக்கினால், நடுவில் கடன் விகிதம் திடீரென்று உயர்வதைக் கண்டு, நிறுவனம் கடனில் மூழ்குவதாக எழுதிவிடக்கூடும். நிறுவனம் ஒரு ரூபாய் கூடக் கடன் வாங்காமலேயே அந்த உயர்வு நேர்ந்திருக்கலாம். அதே ஐந்தாண்டுகளுக்குள் பெருந்தொற்றுக் காலமும் விழுகிறது. ஆகவே ஆண்டறிக்கையில் இலாப நட்டக் கணக்குக்குப் பின்னால் வரும் கணக்கியல் கொள்கைக் குறிப்புகளைப் படித்து, விதி மாறிய ஆண்டைப் பிரித்துக் காட்டுவது, இருபது விகிதங்களில் இன்னும் இரண்டைச் சேர்ப்பதை விடப் பயன் தரும்.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு

நிறுவனம் நொடித்துப்போகுமா என்று முன்னறிய எட்வர்டு ஆல்ட்மன் 1968இல் உருவாக்கிய 'இசட் மதிப்பெண்' மாணவர்களுக்கு மிகவும் பிடித்த கருவி. நடைமுறை முதல், தேங்கிய இலாபம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம், விற்பனை ஆகிய நான்கையும் மொத்தச் சொத்தால் வகுத்தும், பங்குகளின் சந்தை மதிப்பை மொத்தக் கடனால் வகுத்தும், கிடைக்கும் ஐந்து விகிதங்களை எடையிட்டுக் கூட்டுவது அதன் முறை. கூட்டல் 1.81க்குக் கீழே இருந்தால் ஆபத்து, 2.99க்கு மேலே இருந்தால் பாதுகாப்பு. இந்தச் சூத்திரம் 66 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் எண்களிலிருந்து பிறந்தது. அவற்றில் 33 நொடித்தவை, 33 நொடிக்காதவை. வைப்புத்தொகையே மூலப்பொருளாகவும் கடனே விற்பனைச் சரக்காகவும் இருக்கும் வங்கிக்கு இதைப் பொருத்தினால், நல்ல வங்கியும் நொடித்துப்போவதாகத் தோன்றும். இருந்தும் வங்கிகளுக்கு இசட் மதிப்பெண் கணக்கிட்டு, அவை ஆபத்தில் இருப்பதாக முடிவு சொல்லும் ஆய்வேடுகள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

பாடநூலில் வரும் 2:1 என்ற நடப்பு விகித அளவுகோலும் இத்தகையதே. நடப்புச் சொத்து நடப்புப் பொறுப்பைப் போல் இருமடங்கு இருக்க வேண்டும் என்ற அந்த மரபு, சரக்கைக் கடனுக்கு வாங்கி உடனடியாக ரொக்கத்துக்கு விற்கும் நுகர்பொருள் நிறுவனத்துக்குப் பொருந்தாது. அங்கே விகிதம் குறைவாக இருப்பது வலிமையின் அடையாளமாகவும் இருக்கலாம். ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு எண் வரிசைகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் அளவு, மற்றொரு சறுக்கல் இடம். ஐந்தாண்டுகளின் ஐந்தே புள்ளிகளை வைத்துக்கொண்டு, வழக்கமான 5 விழுக்காட்டு முக்கியத்துவ மட்டத்தில் ஒட்டுறவு உண்டு என்று சொல்ல வேண்டுமானால், கெழு 0.878ஐ எட்ட வேண்டும். 0.7 கிடைத்ததும் 'வலுவான தொடர்பு' என்று எழுதும் மாணவர், தற்செயலாகவே வரக்கூடிய ஓர் எண்ணுக்குப் பொருள் கற்பிக்கிறார். ஒரே நிறுவனத்தின் ஐந்தாண்டுகளுக்குப் பதிலாக, ஒரே துறையின் பத்து நிறுவனங்களை ஐந்தாண்டுகளுக்கு எடுத்தால் 50 புள்ளிகள் கிடைக்கும். உழைப்பு சற்றுக் கூடினாலும், முடிவுக்கு முதுகெலும்பு இருக்கும்.

வினாப்பட்டியலின் தொல்லை

வெளியிடப்பட்ட கணக்குகளைத் தொடாமல், ஜி.எஸ்.டி. பற்றிய சிறு வணிகர்களின் கருத்து, மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் நுகர்வோரின் மனநிறைவு என்று கருத்தாய்வுப் பக்கம் போகும் மாணவர்களும் பலர். 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் அறிமுகப்படுத்திய ஐந்து நிலை அளவுகோலில், 'முழுமையாக ஏற்கிறேன்' என்பதிலிருந்து 'முழுமையாக மறுக்கிறேன்' என்பது வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்கள் கூகுள் படிவமாக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகின்றன. எளிதில் கிடைப்போரை மட்டும் கொண்டு அமைவதை வசதி மாதிரி என்பர். வகுப்புத் தோழர்களும் உறவினர்களும் நிரப்பிய படிவத்திலிருந்து மதுரை வணிகர்களின் மனநிலையைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. கடைவீதி ஒன்றைத் தேர்ந்து, ஐந்து கடைக்கு ஒரு கடை என்று வரிசை தவறாமல் நேரில் சென்று கேட்டால், மாதிரி சிறியதாக இருந்தாலும் அது எவரைக் குறிக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் சொல்ல முடியும்.

கருத்தைக் கேட்பதை விடச் செயலைக் கேட்பது கணக்கியல் மாணவருக்குப் பொருத்தமானது. 'ஜி.எஸ்.டி. எளிமையாக இருக்கிறதா' என்பதற்கு வரும் விடையை எதைக் கொண்டும் சரிபார்க்க முடியாது. 'கடந்த மாத விவரத்தாளைத் தாக்கல் செய்ய எவ்வளவு கட்டணம் கொடுத்தீர்கள், எத்தனை நாள் பிடித்தது' என்பதற்கு எண் கிடைக்கும். பாலினம், வயது, கல்வி ஆகியவற்றோடு எல்லாக் கருத்துகளையும், இரண்டு பண்புகளுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனையில் இட்டுப் பார்ப்பது, ஆய்வேட்டின் பக்கங்களைக் கூட்டுமே தவிர அறிவைக் கூட்டாது. கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் கீழே போனால் அந்தச் சோதனையின் முடிவையே நம்ப இயலாது.

அச்சிட்ட எண்ணையும் ஐயுறுக

தணிக்கை செய்யப்பட்டது என்பதாலேயே எண் உண்மையாகிவிடுவதில்லை என்பதைச் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் வரலாறு காட்டியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் 30ஆம் நாளின் ஏடுகளில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம். அந்தக் காலாண்டில் 24 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்ட செயல்பாட்டு இலாப வீதம் உண்மையில் 3 விழுக்காடு. அந்த நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட கணக்குகளைக் கொண்டு அந்நாளில் விகித ஆய்வு செய்த எவருக்கும், நீர்மை மிகச் சிறப்பாக இருக்கிறது என்ற முடிவே கிடைத்திருக்கும். மோசடியைக் கண்டுபிடிப்பது மாணவரின் பொறுப்பன்று. ஆனால் இலாபத்தை ரொக்க ஓட்ட அறிக்கையோடும், வங்கி இருப்பை அதற்கு வந்த வட்டியோடும் ஒட்டிப் பார்ப்பதும், தணிக்கையாளர் அறிக்கையில் முக்கியத் தணிக்கை விவகாரங்கள் என்ற தலைப்பில் வரும் பகுதியைப் படிப்பதும் அவர் செய்யக்கூடியவை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையில் எந்த இடம் கடினமாக இருந்தது என்பதைத் தணிக்கையாளரே அப்பகுதியில் எழுதியிருப்பார். நல்ல ஆய்வுக் கேள்விகள் பல அங்கே காத்திருக்கின்றன.

எழுத்தும் வாய்மொழித் தேர்வும்

முன்னாய்வுகள் பற்றிய இயல், 'இவர் இவ்வாறு கண்டார்' என்ற முப்பது பத்திகளின் தொகுப்பாக அமைந்தால் அதனால் பயனில்லை. எடுத்துக்கொண்ட கேள்விக்கு இதுவரை என்ன விடை கிடைத்திருக்கிறது, விடைகள் எங்கே முரண்படுகின்றன, எந்த இடம் தொடப்படாமல் இருக்கிறது என்ற மூன்றையும் சொன்னால் பத்துக் கட்டுரைகளே போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரையையும் இருப்பதுபோல் மேற்கோள் காட்டக்கூடியவை என்பதால், கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்கலாகாது. எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகள், 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்றும், 40 விழுக்காடு வரை திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும் என்றும், 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவே நீக்கப்படும் என்றும் சொல்கின்றன. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஆயத்த ஆய்வேட்டை வாங்கிப் பெயர் மாற்றுவோர் இந்த விதியோடு வாய்மொழித் தேர்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'இந்த நிறுவனத்தை ஏன் எடுத்தீர்கள், மூன்றாம் ஆண்டில் இந்த எண் ஏன் பாய்ந்தது' என்று கேட்கப்படும்போது, அட்டவணையைத் தம் கையால் போட்டவர் மட்டுமே விடை சொல்ல முடியும்.

நெறியாளரிடம் செல்லும் முறையும் மாற வேண்டும். 'சார், ஒரு தலைப்புக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் தலைப்பு, கடைசி வரை பிறருடைய தலைப்பாகவே இருக்கும். விரும்பும் துறையில் இரண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை முழுமையாகப் படித்துவிட்டு, மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றால், எதற்குத் தரவு கிடைக்கும், எது இரண்டு மாதங்களில் முடியும் என்று அவர் தேர்ந்து கொடுப்பார்; உரையாடல் அங்கிருந்து தொடங்கும். வங்கியோ தணிக்கை அலுவலகமோ நாளை இந்த மாணவரிடம் எதிர்பார்ப்பதும், ஓர் எண்ணைக் கண்டதும் அது எங்கிருந்து வந்தது, எந்த விதியின் கீழ் எழுதப்பட்டது, வேறு எதோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்கும் பழக்கத்தைத்தான். ஆகவே இந்தப் பருவத்தில் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கும் மாணவர்கள், எக்செல் கோப்பைத் திறப்பதற்கு முன் தங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். அதை எழுத முடியும் வரை ஒரு விகிதத்தையும் கணக்கிட வேண்டாம்.